மஸ்டா ரோட்ஸ்டருக்கு (எம்.எக்ஸ்-5) 1.6 எஞ்சினை எடுத்திட்டு 1.8 எஞ்சின் ஏத்தினவங்க சொல்லுங்க: உங்களுக்கு எங்க சிக்கினது?

கல்லடிப் பாலம்:
எஞ்சினும் கியர் பொக்ஸும் ஒட்டுறதுக்கு முதல் நிற்கிற கடைசி 10 மில்லிமீட்டரைப் பற்றித்தான் எழுத வந்தது. மற்றதெல்லாம் இங்க எல்லாருக்கும் தெரியும். 1597 சீசீ பி6 எஞ்சினை (1.6) கழட்டி 1839 சீசீ பி.பி. எஞ்சினை (1.8) வைக்கிறது. பெல் ஹவுசிங் (எஞ்சினோட ஒட்டுற கியர் பொக்ஸின் மணி மாதிரி வாய்) துளைகள் ஒன்றுக்கொன்று பொருந்தும், கியர் பொக்ஸ் அதேதான். பழைய எஞ்சினின் மவுண்ட் பிராக்கெட் ரெண்டையும் கழட்டிப் புது புளொக்கில் பூட்டினால் சட்டத்தில் நேரா இருக்கும்.

கல்லடியில் ஒரு வீட்டு முற்றம். எஞ்சின் செயின் புளொக்கில் தொங்குது, கியர் பொக்ஸ் ஜக்கில் நிற்குது. நடுவில ஒரு விரல் போகிற இடைவெளி. அதுக்கு மேல அசையல்ல. நின்ற ஒருவர் "ரெண்டு நீள போல்ட்டைப் போட்டு இழுத்து இறுக்கினா வந்திரும்" என்று ஸ்பனரை எடுத்தார். இடைவெளி குறைஞ்சுகொண்டே வந்தது, எல்லாருக்கும் சந்தோஷம். மறுகா "டிக்" என்று ஒரே ஒரு சத்தம். பெல் ஹவுசிங்கின் கீழ்க் காதில் முடி மாதிரி ஒரு வெடிப்பு. வார்ப்பு அலுமினியம் வளைஞ்சு காட்டாது, நேரே வெடிக்கும்.

கையால தள்ளி வராததைப் போல்ட்டால இழுக்கக் கூடாது. வராததுக்குக் காரணம் பெரும்பாலும் கிளச் டிஸ்க் நடுவில இல்லாததுதான். 1.6 கிளச் 200 மி.மீ., 1.8 கிளச் 215 மி.மீ. பிளைவீல், டிஸ்க், பிரஷர் பிளேட் மூன்றையும் 1.8 சோடியாவே போடுங்க. பிரஷர் பிளேட்டை இறுக்கும்போது நடுவாக்கும் பிளாஸ்டிக் தண்டு உள்ளுக்கு இருக்க வேணும். கடைசி போல்ட் இறுகும் வரைக்கும் அதை எடுக்காதீங்க. பிளைவீல் போல்ட் 96 முதல் 103 நியூட்டன் மீட்டர்.

இவ்வளவும் சரியா இருந்தும் நின்றால், கியரை 4இல் போட்டு, பொக்ஸின் பின்பக்கத்து யோக்கை (ப்ரொப்பெல்லர் ஷாஃப்ட் சேருற முனை) கையால கொஞ்சம் கொஞ்சமாத் திருப்பிக்கொண்டு தள்ளுங்க. பொக்ஸ் தண்டின் பல்லும் கிளச் டிஸ்க்கின் பல்லும் சந்திக்கிற இடத்தில தானா உள்ள போகும். மேல இடைவெளி கூட, கீழ குறைவு என்றால் பல்லில் குற்றமில்லை, ஜக்கின் உயரம் பிழை. புளொக்கில் ரெண்டு டவல் குழாயும் (எஞ்சினையும் பொக்ஸையும் நேர்படுத்துற சின்ன இரும்புக் குழாய்) இருக்கா என்றும் பாருங்க. பழைய எஞ்சினோடயே அது போயிருக்கும்.

ஓட்டமாவடி நானா:
தம்பி சொன்னதில பிழையில்ல. ஆனால் காருக்குள்ள வைச்சு ஏன் பொருத்தணும்? எஞ்சினையும் பொக்ஸையும் ஒன்றா வெளிய எடுங்க. நிலத்தில டயர் ஒன்றைப் போட்டு அதுக்கு மேல வைச்சுப் பொருத்தி, ஸ்டார்ட்டரையும் பூட்டி ஒரே தூக்கில இறக்குங்க. ஸ்டார்ட்டரின் மேல் போல்ட்டைக் காருக்குள்ள தேடிப் பார்த்தவனுக்குத்தான் அதன் அருமை விளங்கும்.

ஒன்றா எடுக்கிறதென்றால் பொனட், ரேடியேட்டர், கியர் லீவர் மூன்றையும் முதல்ல கழட்டணும். கியர் ஒயில் 2 லீட்டர் அளவு, அதை வடிச்சிருங்க. இல்லாட்டி எஞ்சின் மூக்கு மேல எழும்பின உடன வால் வழியா அவ்வளவும் முற்றத்தில. முக்கியமானது, பொக்ஸையும் டிஃபையும் (பின் சக்கரங்களுக்கு நடுவில உள்ள கியர்ப் பெட்டி) சேர்க்கிற அந்த நீள அலுமினியச் சட்டத்தைக் கழட்டுறதுக்கு முதல் பொக்ஸுக்குக் கீழ ஜக் இருக்கணும். சட்டத்தை எடுத்த கணமே பொக்ஸின் வால் தொங்கும், பாரம் முழுக்க எஞ்சின் மவுண்ட் ரப்பரில விழும். திருப்பிப் பூட்டும்போது பொக்ஸின் பழைய உயரத்துக்கே கொண்டு வந்துதான் 104 முதல் 124 நியூட்டன் மீட்டருக்கு இறுக்கணும். உயரம் மாறினால் கியர் லீவர் நடுங்கிக்கொண்டே இருக்கும். ஆளுக்கு ஆள் மவுண்டைக் குறை சொல்லுவாங்க.

கல்லடிப் பாலம்:
நானா, ரெண்டையும் ஒன்றாத் தூக்க உயரம் வேணும். போர்ட்டிகோ வளையில செயின் புளொக்கைக் கட்டினால், கொக்கிக்கும் பொனட் வாய்க்கும் நடுவில அந்த நீளத்தைச் சரிச்சு எடுக்க இடம் கிடையாது. எல்லார் வீட்டிலயும் கிரேன் இல்லையே. தனியா எடுக்கிறவங்களுக்குத்தான் எழுதினேன்.

ஓட்டமாவடி நானா:
போர்ட்டிகோ வளையில எஞ்சினைக் கட்டவே கூடாது தம்பி. வேப்பமரக் கொப்பும் வேணாம். மூன்று இரும்புக் குழாயை மேல போல்ட் போட்டு, கால்களைச் சங்கிலியால ஒன்றோட ஒன்று கட்டின முக்காலி போதும். நம்மட பக்கம் மணல் நிலம், ஒவ்வொரு காலுக்கும் கீழ பலகை வைக்கணும். எஞ்சின் மேல எழும்பினதும் காரைப் பின்னுக்குத் தள்ளுங்க, முக்காலியை நகர்த்தாதீங்க.

காரைதீவுக் காத்து:
நீங்க ரெண்டு பேரும் தூக்கிறதைப் பற்றியே சண்டை பிடிக்கிறீங்க. எதைத் தூக்கி உள்ள வைக்கிறீங்க என்றது அதைவிட முக்கியம். பி.பி. எஞ்சின் என்று சொல்லி மஸ்டா ஃபமிலியாவில இருந்து கழட்டினதைத் தருவாங்க. அது முன்சக்கரம் இழுக்கிற வண்டி. சம்பும் (எஞ்சினுக்குக் கீழ உள்ள ஒயில் தட்டு) ஒயில் உறிஞ்சுற குழாயும் வேற வடிவம், ரோட்ஸ்டர் குறுக்குச் சட்டத்தில இராது. தண்ணி வெளியேறும் வாய் ஹெட்டில கியர் பொக்ஸ் பக்கம் இருக்கும். ரோட்ஸ்டரில அது முன்பக்கம், தர்மோஸ்டாட்டும் அங்கதான். அதால ரோட்ஸ்டர் ஹெட், சம்ப், உறிஞ்சுகுழாய், தண்ணிப் பாதை எல்லாம் கையில இருந்தால் மட்டும் ஃபமிலியா புளொக்கை வாங்குங்க. கொழும்புப் பஞ்சிகாவத்தையில, பழைய பாகக் கடையில நின்று காசு குடுக்கிறதுக்கு முதல் குனிஞ்சு சம்பைப் பாருங்க, அதிலயே தெரிஞ்சிரும்.

ரோட்ஸ்டரில தண்ணி முன்பக்கம் உள்ள போய் முன்பக்கமே வெளிய வாறதால 4ஆம் சிலிண்டருக்கு ஓட்டம் குறைவு. சித்திரை மத்தியானத்தில, ஏசியும் போட்டு, கல்முனை டவுனுக்குள்ள ஊர்ந்து போகும்போது கேஜ் முள் நடுவில நிற்கும், பின் சிலிண்டர் வேகும். அதுக்காகத் தர்மோஸ்டாட்டை ஹெட்டின் பின்பக்கத்துக்கு மாற்றிறதென்றால் எஞ்சின் வெளிய இருக்கும்போதே செய்யுங்க. உள்ள வைச்ச பிறகு ஃபயர்வோலுக்கும் (எஞ்சினுக்குப் பின்னால உள்ள தகட்டுச் சுவர்) ஹெட்டுக்கும் நடுவில கை போகாது. ஹீட்டர் ஹோஸையும் அப்பவே மாற்றுங்க.

அக்கரைப்பற்று வயர்மேன்:
எஞ்சின் சுத்துது, பத்தல்ல என்று கூப்பிட்ட ஒரு கார். சாவியைத் திருப்பினால் ஸ்டார்ட்டர் சோம்பலாச் சுத்துது. ரெண்டாவது தடவை திருப்ப அக்சிலரேட்டர் கேபிளின் உறையில இருந்து புகை. எஞ்சினுக்கும் காரின் உடம்புக்கும் நடுவில போடுற எர்த் பட்டி நிலத்தில கிடந்தது. ஸ்டார்ட்டருக்கான கரண்ட் முழுக்க அந்த மெல்லிய கேபிள் வழியா வீடு திரும்பப் பார்த்திருக்கு. எஞ்சினை இறக்கினதும் முதல்ல பூட்டுறது எர்த் பட்டியா இருக்கட்டும். கடல் காத்துப் படுகிற ஊர், பெயின்ட்டும் துருவும் போக உரசி இரும்பு தெரிஞ்ச பிறகு பூட்டுங்க.

யாரும் கேட்கல்லத்தான், ஆனாலும் எழுதுறன், ஏனென்றால் இதாலதான் கன கார்கள் பாதியில நிற்குது. 1.6இல காற்றை அளக்கிறது கதவு மாதிரித் திறக்கிற மீட்டர். 1.8இல சூடான கம்பி மீட்டர். ரெண்டுக்கும் பிளக் வேற, கணக்கும் வேற. மீட்டர், ஈசியூ (எஞ்சின் கம்பியூட்டர்), இன்ஜெக்டர் (பெற்றோலைப் பீச்சிறது), வயரிங் நாலும் ஒரு குடும்பம். 1.6 ஈசியூவையும் மீட்டரையும் வைச்சிருந்தால் இன்ஜெக்டரும் 1.6தான். 1.8 இன்ஜெக்டரைப் போட்டால் ஈசியூ பழைய அளவு என்று நினைச்சு அதே நேரம் திறந்து வைக்கும், பெற்றோல் கூடிப் போகும். மெதுவா ஓடும்போது ஒக்சிஜன் சென்சர் அதைச் சரிக்கட்டும். முழுசா மிதிச்சால் அது பார்க்காது. பிளக் கறுக்கும், புகைப் பரிசோதனையில விழும். வாங்கும்போது நாலையும் சேர்த்து 1.8இலயே வாங்குங்க, வயரை வெட்டித் தராமல் பிளக்கோட கேளுங்க.

டிஃபையும் பாருங்க. 1.6இல உள்ளது 6 அங்குலக் கிரவுன் வீல் (டிஃபுக்குள்ள உள்ள பெரிய பல்சக்கரம்), 1.8இல 7 அங்குலம். சும்மா ஓட்டினால் சின்னது கொஞ்சக் காலம் தாங்கும். கிளச்சைத் தட்டி விட்டு ஓடுறவருக்குத் தாங்காது. மாற்றினால் பக்க அச்சு ரெண்டும் ப்ரொப்பெல்லர் ஷாஃப்டும் சேர்த்துத்தான், முன் விளிம்பு வேற.

பத்திரமும் ஒரு பாகம்தான். வாகனப் புத்தகத்தில எஞ்சின் இலக்கமும் சீசீயும் இருக்கு. எஞ்சின் வாங்கின பில்லை வைச்சுக்கொண்டு நாரஹேன்பிட்டி மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்தில மாற்றி எடுங்க, இன்சூரன்ஸுக்கும் அறிவியுங்க. பில் இல்லாத எஞ்சின் எவ்வளவு மலிவென்றாலும் வேணாம்.

செங்கலடி:
வயர்மேன் அண்ணன் சொன்னது எல்லாம் சரி. ஒன்று விட்டுப் போச்சு. எஞ்சின் ஏத்தி ஒரு கிழமையில பெல் ஹவுசிங்குக்குக் கீழ ஒயில் சொட்டும். உடன கிராங்கின் பின் சீல் போயிற்று என்று எல்லாத்தையும் திரும்ப இறக்காதீங்க. ஹெட்டின் பின்பக்கத்தில கேம் சென்சருக்கு ஒரு ஓ ரிங் இருக்கு. அது காய்ஞ்சு கல்லு மாதிரி ஆகி, ஒயில் ஹெட்டின் முதுகால வடிஞ்சு அதே இடத்தில வந்து நிற்கும். மேல விரலை விட்டுத் தடவிப் பாருங்க, ஈரம் மேல இருந்தால் அந்த ரிங்தான். அதைக் கழட்டினால் இக்னிஷன் டைமிங் மாறும். பொனட்டுக்குள்ள உள்ள டயக்னோசிஸ் பெட்டியில TEN, GND என்று எழுதின ரெண்டு துளையையும் வயரால இணைச்சு, 10 பாகையில திரும்ப வையுங்க. டைமிங் பெல்ட்டை மாற்றினவங்க ரெண்டு கேம் அடையாளத்துக்கும் நடுவில 19 பல் இருக்கா என்று எண்ணிப் பாருங்க. கிராங்க் போல்ட்டை 157 நியூட்டன் மீட்டருக்குக் குறையாமல் இறுக்குங்க.