ஜெபித்துவிட்டுக் கிளம்பினால் போதுமா? கிறிஸ்துமஸ் இரவு, தாம்பரம் முதல் நாகர்கோவில் வரை

தாம்பரம்_ரைடர்

எல்லாருக்கும் ஸ்தோத்திரம். பைக்கும் வேதமும் இரண்டும் தெரிந்தவர்கள் இங்கே இருப்பதால் கேட்கிறேன்.

டிசம்பர் 24 மாலை 6.30க்குத் தாம்பரத்தில் கிளம்பி, 25 அதிகாலை 5 மணி ஆராதனைக்கு நாகர்கோவிலில் இருக்கவேண்டும். 150 சிசி வண்டி, பின்னால் மனைவி, ஒரு பை. ஏறக்குறைய 680 கி.மீ. பின் டயர் தேய்மானக் குறியை நெருங்கிவிட்டது, பக்கவாட்டில் 2218 என்று போட்டிருக்கிறது. மாற்றலாமா, ஊருக்குப் போய்வந்து பார்த்துக்கொள்ளலாமா என்று யோசனை.

வீட்டில் சொல்வது: "ஜெபம் பண்ணிட்டுக் கிளம்பு, கர்த்தர் பார்த்துப்பார்." ஜெபக்குழுவில் ஒருவர், "24ஆம் தேதி மாலை மழை இல்லாவிட்டால் அதுவே அடையாளம்" என்கிறார். இன்னொருவர், ஜெபித்த பிறகு மனதில் சமாதானம் இருந்தால் போகலாம் என்கிறார்.

என் கேள்வி இரண்டு. இப்படிப்பட்ட அன்றாட முடிவுகளில் தேவனை நம்புவது என்றால் நடைமுறையில் என்ன செய்வது? டயர், நேரம், தூரம் என்று கணக்குப் போட்டுக்கொண்டே இருந்தால் அது அவிசுவாசமா?

---

பழைய_ஸ்பேனர்

தம்பி, முதலில் கணக்கைப் போட்டுவிடுவோம். ஜெபத்தில் எதைக் கேட்கவேண்டும் என்பதே அதற்கப்புறம்தான் தெரியும்.

6.30 முதல் 5 மணி வரை பத்தரை மணி நேரம். பெட்ரோல், டீ, சாப்பாடு, கை கால் நீட்டுவது எல்லாம் சேர்த்து ஒன்றரை மணி போனால் மிச்சம் 9. அதில் 680 கி.மீ. என்றால் சராசரி 75. பண்டிகைக்கு முந்தின மாலை செங்கல்பட்டு தாண்டவே ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகும். அதைக் கழித்தால் மீதித் தூரத்துக்குச் சராசரி 80க்கு மேல் வேண்டும். சராசரி 80 வர ஸ்பீடாமீட்டரில் 90, 95 நிற்கவேண்டும். இரவில், இருவரோடு, 150 சிசியில்.

இப்போது வெளிச்சத்துக்கு வா. இந்த வகை வண்டியின் லோ பீம் சாலையை உருப்படியாகக் காட்டுவது சுமார் 40 மீட்டர். காய்ந்த சாலையில், நல்ல டயரோடு, சுதாரிக்க ஒன்றரை விநாடி என்று வைத்தால்:

50 கி.மீ. வேகத்தில் வண்டி நிற்க சுமார் 37 மீட்டர்.
60இல் சுமார் 48.
80இல் சுமார் 75.

அதாவது 80இல் போகும்போது, விளக்கு அணைந்து இடது ஓரம் நிற்கும் லாரியை நீ பார்க்கும் நேரத்தில், நிற்கத் தேவையான தூரத்தில் பாதிதான் கையில் இருக்கும். ஹை பீம் போடலாம் என்பாய். எதிரே வண்டி இல்லாத இடத்தில் போடு, ஆனால் நடுவில் செடி இல்லாத இடங்களில் எதிர்ப்பக்கத்துக்காரர் பார்வையை அது கெடுக்கும். நான்குவழிச் சாலையில் இரவில் ஆளைக் கொல்பவை நிற்கும் லாரி, சென்டர் மீடியன் இடைவெளியில் திரும்பும் டிராக்டர், எதிர்த்திசையில் ஓரமாக வரும் இருசக்கர வண்டி, மாடு. நான்கிலும் பிரச்சினை ஒன்றுதான்: கண்ணுக்குத் தெரியும் தூரத்துக்குள் நிற்க முடியாத வேகம்.

டயர். 2218 என்றால் 2018ஆம் ஆண்டின் 22வது வாரம். பள்ளத்துக்குள் சின்ன மேடு தெரியும், பக்கவாட்டில் முக்கோணக் குறி அதைக் காட்டும். மேற்பரப்பு அந்த மேட்டுக்குச் சமமானால் டயர் முடிந்தது. உன்னுடையதில் கொஞ்சம் மிச்சம் இருந்தாலும், இத்தனை வருட ரப்பர் இறுகியிருக்கும், ஈரத்தில் பிடிக்காது. டிசம்பரில் வடகிழக்குப் பருவமழை முழுதாக விலகியிருக்காது. மாற்று. ஆனால் 23ஆம் தேதி மாற்றாதே. புது டயரின் மேல் வழவழப்பு போக 100, 150 கி.மீ. நிதானமாக ஓட்டவேண்டும். பத்து நாள் முன்பே போட்டுவிடு.

---

வேதபாட_வகுப்பு

ஸ்பேனர் அண்ணன் போட்ட கணக்குக்கும் விசுவாசத்துக்கும் சண்டை இல்லை. அப்போஸ்தலர் 27ஆம் அதிகாரத்தை இந்தப் பயணத்தை மனதில் வைத்து ஒருமுறை வாசியுங்கள் பிரதர். முழுக்க முழுக்க ஒரு பயண முடிவைப் பற்றிய அதிகாரம் அது.

கைதியாகக் கப்பலில் ரோமுக்குப் போகும் பவுல், பருவம் தப்பிவிட்டது, இப்போது புறப்பட்டால் சேதம் வரும் என்று சொல்கிறார். அவரைக் கொண்டுபோகும் நூற்றுக்கு அதிபதியோ (ரோமப் படை அதிகாரி) மாலுமியையும் கப்பல் எஜமானையும் நம்பினான். அப்போது தென்றல் மெதுவாய் அடித்தது. நினைத்தது கைகூடிற்று என்று எண்ணிக் கிளம்பினார்கள், கொஞ்ச நேரத்தில் கடும்புயலில் சிக்கினார்கள். "மாலை மழை இல்லாவிட்டால் அடையாளம்" என்று உங்கள் நண்பர் சொன்னது அந்தத் தென்றல்தான். தாம்பரத்தில் மழை இல்லாதது கோவில்பட்டியைப் பற்றி ஒன்றும் சொல்வதில்லை.

அதைவிட முக்கியமானது பின்பகுதி. ஒருவர் உயிருக்கும் சேதம் வராது என்று தேவதூதன் வாக்குக் கொடுத்தாயிற்று. அதற்குப் பிறகும், கப்பலாட்கள் படகில் தப்பப் பார்த்தபோது, இவர்கள் கப்பலில் இராவிட்டால் நீங்கள் பிழைக்கமாட்டீர்கள் என்று பவுல் சொல்கிறார். பதினான்கு நாள் சாப்பிடாமல் இருந்தவர்களைச் சாப்பிட வைக்கிறார். கப்பலில் இருந்த 276 பேரும் கரை சேர்ந்தது அந்த வாக்கினால். அந்த வாக்கு நிறைவேறிய வழியில் கப்பலாட்களும் இருந்தார்கள், சாப்பாடும் இருந்தது. உங்கள் பயணத்தில் அந்த இடத்தில் இருப்பது டயரும் தூக்கமும்.

தேவாலயத்து உப்பரிகையிலிருந்து குதிக்கச் சொன்னபோது சாத்தானும் சங்கீதத்தைத்தான் காட்டினான். "உன் தேவனாகிய கர்த்தரைப் பரீட்சை பாராதிருப்பாயாக" என்றார் ஆண்டவர் (மத்தேயு 4:7). வாக்குத்தத்த அட்டையில் வந்த வசனத்தை வைத்துத் தேய்ந்த டயரில் கிளம்புவதற்கும் இது பொருந்தும் என்றே நான் நினைக்கிறேன். அவர் தராத சூழ்நிலைக்கு அவரைப் பொறுப்பாளியாக்குவது நம்பிக்கை ஆகாது.

"உன் சுயபுத்தியின்மேல் சாயாமல்" (நீதிமொழிகள் 3:5) என்பதைச் சிலர் புத்தியையே கழற்றி வைப்பது என்று எடுத்துக்கொள்கிறார்கள். விவேகி ஆபத்தைக் கண்டு மறைந்துகொள்ளுகிறான் என்று சொல்வதும் அதே நீதிமொழிகள்தான் (22:3). சுயபுத்தியின்மேல் சாய்வது என்பது, நாம் ஏற்கெனவே எடுத்துவிட்ட முடிவுக்கு ஜெபத்தில் முத்திரை கேட்பது. அதற்கு ஒரு சோதனை உண்டு: "வேண்டாம்" என்ற பதில் வந்தால் ஏற்க இடம் வைத்திருக்கிறீர்களா? 24 மாலை பை கட்டி, ஊரில் சொல்லி, ஹெல்மெட் மாட்டிய பிறகு செய்யும் ஜெபத்தில் அந்த இடம் பெரும்பாலும் இருக்காது. பத்து நாள் முன்பு, லீவு கேட்கவும் டிக்கெட் எடுக்கவும் வழி இருக்கும்போது ஜெபியுங்கள். "ஆண்டவருக்குச் சித்தமானால், நாங்களும் உயிரோடிருந்தால்" (யாக்கோபு 4:15) என்பது திட்டம் போடும் நேரத்தில் சொல்லவேண்டியது.

சீட்டுப் போடுவது பற்றி யாராவது கேட்பார்கள். அப்போஸ்தலர் 1இல் யூதாஸின் இடத்துக்கு மத்தியாவைத் தேர்ந்தெடுக்கப் போட்ட சீட்டுக்குப் பிறகு, விசுவாசிகள் முடிவெடுக்கச் சீட்டுப் போட்டதாகப் புதிய ஏற்பாட்டில் இல்லை. அடுத்த அதிகாரத்திலேயே பரிசுத்த ஆவியானவர் வந்துவிடுகிறார்.

---

பின்சீட்டு

மனசில் சமாதானம் என்று எழுதியிருந்தீர்களே பிரதர், அதைப் பற்றி மட்டும் சொல்கிறேன்.

களைத்த மூளைக்கும் ஒருவித சமாதானம் வரும். 24ஆம் தேதி காலை 6 மணிக்கு எழுந்து வேலைக்குப் போகிறவருக்கு இரவு 11 மணிக்கே 17 மணி நேர விழிப்பு ஆகிவிடும். அந்த நிலையில் கவனமும் சுதாரிக்கும் வேகமும், ரத்தத்தில் 0.05 சதவீத மது இருப்பவரின் அளவுக்கு இறங்குகின்றன. நம் சட்டம் அனுமதிப்பது 0.03. அதிகாலை 2 முதல் 5 வரை உடல் தானே தூக்கத்துக்கு இறங்கும் நேரம். நிஜமான வேகத்தில் போனால் அந்த நேரம் நீங்கள் விருதுநகர், கோவில்பட்டி பக்கத்து நேர்சாலையில் இருப்பீர்கள். கண் திறந்தபடியே இரண்டு மூன்று விநாடி மூளை அணையும். 80இல் மூன்று விநாடி என்றால் சுமார் 67 மீட்டர். பாட்டுப் பாடுவது, முகம் கழுவுவது எதுவும் இதை நிறுத்தாது. காபி வேலை செய்ய அரை மணி ஆகும், அதுவும் தூக்கத்துக்கு ஈடாகாது. தீர்க்கதரிசி எலியா சூரைச்செடியின் கீழ் சோர்ந்து கிடந்தபோது தேவன் முதலில் கொடுத்தது தூக்கமும் அடையும் தண்ணீரும்தான். பேச்சு எல்லாம் பிறகு.

இன்னொன்று. உபாகமம் 22:8: புது வீடு கட்டினால் மாடிக்குக் கைப்பிடிச்சுவர் கட்டவேண்டும், ஒருவன் விழுந்தால் இரத்தப்பழி வீட்டின்மேல் வரும். கட்டுகிறவனுடைய விசுவாசம் அங்கே பேச்சில் இல்லை, மாடிக்கு வருகிற மற்றவரின் உயிர்தான் பேச்சு. பின்னால் உட்கார்ந்திருப்பவருக்கு பிரேக்கும் இல்லை, ஹேண்டில்பாரும் இல்லை. அவருடைய கைப்பிடிச்சுவர் நீங்கள் எடுக்கும் முடிவு. அவருக்கும் ஐ.எஸ்.ஐ. முத்திரை உள்ள ஹெல்மெட், நாடியின் கீழ் இரண்டு விரல் மட்டும் நுழையும் அளவுக்கு வார். சேலை, துப்பட்டா வேண்டாம், செயின் பக்கம் சுற்றும். முக்கியமாக, போகலாமா என்று அவரிடம் தனியாகக் கேளுங்கள். அவருக்கு வரும் தயக்கமும் உங்கள் ஜெபத்துக்குக் கிடைத்த பதிலாக இருக்கலாம்.

விபத்தில் விசுவாசிகளும் சாகிறார்கள். சீலோவாம் கோபுரம் விழுந்து இறந்த 18 பேர் மற்றவர்களைவிடப் பாவிகள் அல்ல என்றார் இயேசு. அதனால் யாராவது விழுந்தால் "ஜெபம் குறைவு" என்று தயவுசெய்து அந்த வீட்டில் போய்ச் சொல்லாதீர்கள்.

---

தாம்பரம்_ரைடர்

நன்றி. மனைவியிடம் கேட்டேன். இரவுப் பயணம் முதலிலிருந்தே பிடிக்கவில்லை, ஊர் ஆசையைக் கெடுக்கவேண்டாம் என்று சொல்லாமல் இருந்திருக்கிறார். 23க்கு லீவு கேட்டிருக்கிறேன். கிடைத்தால் பகலில் எப்படிப் பிரிப்பது? கிடைக்காவிட்டால்?

---

பழைய_ஸ்பேனர்

கிடைத்தால் 23 காலை 6.30, விடிந்ததும் கிளம்பு. டிசம்பரில் பகல் பதினொன்றேகால் மணி நேரத்துக்குச் சற்று மேல்தான். நிறுத்தங்களோடு சராசரி 50 வைத்துக்கொள். திருச்சி சுமார் 300 கி.மீ., மதியத்துக்குள். உடம்பு நன்றாக இருந்தால் மதுரை, இருட்டுமுன் அறை எடுத்துத் தூங்கு. 24 காலை மீதி 240, மதியச் சாப்பாட்டுக்கு வீடு. 80, 90 கி.மீ.க்கு ஒருமுறை இருவரும் இறங்கிப் பத்து நிமிடம் நடங்கள்.

கிடைக்காவிட்டால் 24 மாலை ரயில். தட்கல் முந்தின நாள் காலை 10 மணிக்கு ஏசி, 11க்கு ஸ்லீப்பர். பண்டிகை நாளில் நிமிடங்களில் தீரும், அரசுச் சிறப்புப் பேருந்தையும் பார்த்து வை. ஒன்றும் இல்லையென்றால் 25 காலை பக்கத்துச் சபையில் ஆராதனை முடித்து மதுரை வரை போ, 26 வீடு சேர்.

டயர் மாற்றும்போது பக்கத்திலேயே நில். சக்கரத்தைத் திரும்பப் பூட்டும்போதுதான் தப்பு நடக்கும். பின்சக்கரத்தைத் தாங்கும் ஸ்விங் ஆர்மில் இரண்டு பக்கமும் கோடு இருக்கும், ஆக்ஸில் (சக்கர அச்சு) இரண்டிலும் ஒரே கோட்டில் நிற்கவேண்டும். இல்லாவிட்டால் வண்டி ஒரு பக்கம் இழுக்கும், செயின் பல்லைத் தின்னும். செயின் தளர்ச்சி நடுவில் 25, 30 மி.மீ., உன் கையேட்டில் வேறு அளவு இருந்தால் அதுதான் சரி. பின்னால் ஆள் ஏறினால் செயின் இன்னும் இறுகும், அதனால் விறைப்பாக வைக்க விடாதே. டிரம் பிரேக் என்றால் பெடல் பிரேக் பிடிக்குமுன் தளர்வாக இறங்கும் அளவைத் திரும்பச் சரிசெய்யச் சொல், டார்க் ராட் (பிரேக் தட்டு சுற்றாமல் பிடிக்கும் கம்பி) நட்டையும் கையால் தொட்டுப் பார். காற்று, டயர் குளிர்ந்திருக்கும்போது. பல 150 சிசி வண்டிகளில் பின் டயருக்கு, தனியாகப் போனால் 28 பி.எஸ்.ஐ., இருவருக்கு 32. ஸ்டிக்கரில் இருக்கும். ஆளும் பையும் ஏறினால் முன்பக்கம் தூக்கும், ஹெட்லைட் எதிரே வருபவர் கண்ணில் அடிக்கும். இருவரும் உட்கார்ந்த நிலையில் சுவருக்கு எதிரே நிறுத்தி, விளக்கைக் கீழே இறக்கிக்கொள்.

கிளம்பும் காலையில் சங்கீதம் 121 வாசியுங்கள். பிறகு ஸ்டாண்டை எடுத்துவிட்டு இரண்டு பிரேக்கையும் ஒருமுறை தனித்தனியாகப் பிடித்துப் பார்.