மூலிகை சாப நிவர்த்தி செய்யும் வைத்தியர்களைத் தெரியுமா?

வணக்கம். மூலிகையைப் பறிக்கும் முன் செடிக்குக் காப்புக் கட்டி, தூபம் காட்டி, அதன் உயிர் உடலிலேயே நிற்க வேண்டும் என்று மந்திரம் சொல்லும் சாப நிவர்த்தி முறையைச் சித்த மருத்துவ நூல்களில் படித்திருப்பீர்கள். இதை இன்றும் கைவிடாத பரம்பரை வைத்தியர்களைத் தேடுகிறேன். தென்காசி, குற்றாலம், கொல்லிமலைப் பக்கம் என்றால் உடனே கிளம்பிவிடுவேன்.

ஆவாரைக்கும் கீழாநெல்லிக்கும் ஒரே மந்திரமா, தனித்தனியா? வேர் எடுக்கும்போது இரும்பு படக்கூடாது என்பதை யாராவது கடைப்பிடிக்கிறார்களா? ஒலிப்பதிவுக்குச் சம்மதிக்காவிட்டாலும் பரவாயில்லை, கேட்டு எழுதிக்கொள்கிறேன்.

இணையத்தில் சுற்றும் மந்திரங்களை அனுப்ப வேண்டாம், ஒன்றுக்கொன்று முரண்படுகின்றன. வசிய மை, தாயத்து விற்பவர்கள் தயவுசெய்து ஒதுங்கிக்கொள்ளுங்கள். வைத்தியரிடம் கேட்டுவிட்டு, ஊர்ப் பெயரை மட்டும் இங்கே எழுதினால் போதும்.