ஒரே ஒரு உமிழ்வுக் கோடு, இரண்டு செம்பெயர்ச்சி: 0.136-ஆ, 1.0-ஆ? உதவி தேவை

இரவுவானம் (கேள்வி)

வணக்கம். இரண்டு வாரமாக ஒரே ஒரு கேலக்ஸியில் மாட்டிக்கொண்டு நிற்கிறேன். தொலைதூரக் கேலக்ஸிகளை அளந்த டீப்2 ஆய்வு பொதுவில் வெளியிட்ட நிறமாலைகளில், எக்ஸ்டெண்டட் குரோத் பட்டை என்ற வானப் பகுதியில் உள்ளவற்றை எடுத்து, பைத்தானில் நானே எழுதிய நிரலால் செம்பெயர்ச்சியை (பிரபஞ்சம் விரிவதால் ஒளியின் அலைநீளம் எவ்வளவு நீண்டது என்ற அளவு, அதிலிருந்துதான் தொலைவு கிடைக்கும்) திரும்ப அளந்து பழகுகிறேன். இந்தக் கேலக்ஸியில் 7454 ஆங்ஸ்ட்ராம் அலைநீளத்துக்குப் பக்கத்தில் ஒரு கோடு பளிச்சென்று தெரிகிறது, வேறு எதுவும் தெரியவில்லை. நிரல் அதை ஹைட்ரஜனின் ஹெச்-ஆல்ஃபா கோடு என்று எடுத்துக்கொண்டு 0.136 என்கிறது. படங்களின் நிறங்களை வைத்துக் கணக்கிட்ட ஃபோட்டோமெட்ரிக் செம்பெயர்ச்சியோ 0.95 என்கிறது.

எதை நம்புவது? இரண்டுக்கும் ஒளிர்வுத் தொலைவு பத்து மடங்கு மாறுகிறது, அதனால் ஒளிர்வு நூறு மடங்குக்கு மேல் மாறுகிறது. ஒன்றில் இது பக்கத்தில் இருக்கும் குட்டிக் கேலக்ஸி, இன்னொன்றில் கிட்டத்தட்ட 800 கோடி ஆண்டுக்கு முன்னால் மும்முரமாக நட்சத்திரம் பிறப்பித்துக்கொண்டிருந்த பெரிய கேலக்ஸி. கேலக்ஸிகள் எப்படி வளர்ந்தன என்று வரையும் படத்தில் இதைத் தப்பான இடத்தில் வைக்க எனக்கு மனசு வரவில்லை.

ஆர் (சிவப்பு) வடிகட்டியில் பொலிவெண் 23.6 (எண் கூடக் கூட மங்கல்). நிறமாலையில் 21 பிக்சல் சராசரி எடுத்து மென்மையாக்கியிருக்கிறேன், அப்படிச் செய்யாவிட்டால் இரைச்சல் அதிகம்.

ஆறாம்மீன்

முதலில் அந்த ஒரு கோடு என்னவெல்லாம் ஆக இருக்கலாம் என்று கணக்குப் போட்டுவிடுங்கள். அடைப்புக்குறிக்குள் இருப்பது கோட்டின் அசல் அலைநீளம், 7454-ஐ அதால் வகுத்து ஒன்றைக் கழித்தால் செம்பெயர்ச்சி. ஹெச்-ஆல்ஃபா (6563) என்றால் 0.136. ஆக்சிஜனின் ஓ-த்ரீ (5007) என்றால் 0.489. ஆக்சிஜனின் இன்னொரு கோடான ஓ-டூ (3727) என்றால் 1.0. ஹைட்ரஜனின் லைமன்-ஆல்ஃபா (1216) என்றால் 5.13. நடைமுறையில் இந்த நான்குதான்.

லைமன்-ஆல்ஃபா எளிதில் விழுந்துவிடும்: நீல வடிகட்டியில் உங்கள் கேலக்ஸி தெரிகிறதா? தெரிந்தால் 5.13-க்கு வாய்ப்பே இல்லை, அந்த ஒளியை வழியில் உள்ள ஹைட்ரஜன் விழுங்கியிருக்கும். ஓ-த்ரீ என்றால் அதன் ஜோடி 4959 கோடு, மூன்றில் ஒரு பங்கு பலத்தோடு 7382-இல் இருந்தே ஆக வேண்டும். இந்த இரண்டையும் பார்த்துச் சொல்லுங்கள்.

இரவுவானம்

நீல வடிகட்டியில் நன்றாகவே தெரிகிறது. 7382-இல் ஒன்றுமில்லை, அந்த இடத்தில் வானக் கோடு (நம் காற்றே ஒளிர்வதால் வரும் கோடு) எதுவும் தொந்தரவு செய்யவும் இல்லை. அப்படியென்றால் மிச்சம் ஹெச்-ஆல்ஃபாவும் ஓ-டூவும். ஹெச்-ஆல்ஃபா என்றால் அதன் பக்கத்து நைட்ரஜன் கோடான என்-டூ 7478-இல் வர வேண்டும், அது இல்லை. இதை வைத்து 0.136-ஐத் தள்ளிவிடலாமா?

அகல்கண்

தள்ளாதீர்கள், அவசரப்பட வேண்டாம். 0.136-இல் 23.6 பொலிவெண் என்றால் தனிப் பொலிவெண் (தொலைவின் விளைவை நீக்கிய உண்மைப் பொலிவு) சுமார் -15.4, அது குள்ளக் கேலக்ஸி. குள்ளக் கேலக்ஸிகளில் கன தனிமங்கள் குறைவு, என்-டூ இருந்தும் இரைச்சலுக்குள் மறைந்து கிடக்கும். கந்தகத்தின் எஸ்-டூ இரட்டைக் கோட்டைத் தேடலாம் என்றால் அது 7630, 7646-இல் விழும். அது சரியாக நம் காற்றில் உள்ள ஆக்சிஜன் ஒளியை உறிஞ்சும் ஏ-பட்டைக்குள் வருகிறது. உங்கள் நிரல் 0.136-ஐத் தேர்ந்ததற்கும் அதுதான் காரணம் என்று சந்தேகிக்கிறேன்: ஏ-பட்டைத் திருத்தத்தின் மிச்ச மேடுபள்ளத்தை எஸ்-டூ என்று பொருத்தியிருக்கும். அந்தப் பகுதியை மறைத்துவிட்டு மறுபடி ஓட்டுங்கள். அப்புறம் கை-ஸ்கொயர் (பொருத்தத்தில் உள்ள பிழையின் அளவு) மிகக் குறைந்த தீர்வை மட்டும் பார்க்காமல் இரண்டாவது, மூன்றாவது தீர்வுகளையும் அச்சிடுங்கள். வித்தியாசம் சொற்பம் என்றால் நிரலுக்கே தெரியவில்லை என்று பொருள்.

ஹைட்ரஜனின் ஹெச்-பீட்டாவும் ஓ-த்ரீயின் 5007-உம் இருந்தால் உடனே முடிந்துவிடும், ஆனால் 0.136-இல் அவை 5522, 5688-இல் விழும். டீப்2 நிறமாலை சுமார் 6500-இல்தான் தொடங்குகிறது.

உண்மையான விடை உங்கள் 21 பிக்சலுக்குள் புதைந்து கிடக்கிறது. ஓ-டூ ஒற்றைக் கோடு இல்லை, 3726, 3729 என்று இரட்டை. 1.0-இல் இரண்டுக்கும் இடைவெளி 5.6 ஆங்ஸ்ட்ராம். கெக் தொலைநோக்கியின் டெய்மோஸ் கருவியில் ஒரு பிக்சல் சுமார் 0.33 ஆங்ஸ்ட்ராம், ஆக 21 பிக்சல் என்பது 7 ஆங்ஸ்ட்ராம். இரட்டையை நீங்களே பூசி மெழுகி ஒன்றாக்கிவிட்டீர்கள். இந்த இரட்டையைப் பிரித்துப் பார்க்கத்தான் டீப்2 குழு அவ்வளவு நுண்ணிய பிரிதிறனில் எடுத்தது. மென்மையாக்காத தரவை, அதுவும் இரு பரிமாணப் படத்தை (கிடையாக அலைநீளம், ஒவ்வொரு வரிசையும் கேலக்ஸியின் ஒரு பகுதி), திறந்து பாருங்கள்.

இரவுவானம்

பார்த்தேன். கை நடுங்குகிறது. இரைச்சலுக்கு நடுவில் இரண்டு திட்டுகள், வலதுபக்கத் திட்டு கொஞ்சம் பளிச்சென்று இருக்கிறது. இடைவெளி 17 பிக்சல். ஆனால் ஒரு பயம்: சுழலும் கேலக்ஸியில் ஒரு பக்கம் நம்மை நோக்கியும் மறுபக்கம் விலகியும் போவதால் ஹெச்-ஆல்ஃபாவே இரட்டை மேடாகத் தெரியும் அல்லவா?

அகல்கண்

நல்ல பயம், இதைக் கேட்காமல் விடுபவர்கள்தான் அதிகம். சுழற்சி என்றால் ஒரு மேடு கேலக்ஸியின் மேல் பாதியிலும் மற்றது கீழ்ப் பாதியிலும், அதாவது வெவ்வேறு வரிசைகளில் இருக்கும். இரட்டைக் கோடு என்றால் இரண்டும் ஒரே வரிசையில் பக்கத்தில் பக்கத்தில் நிற்கும். கேலக்ஸி சுழன்றால் இரண்டும் ஒரே சாய்வில் சாயும். இன்னொன்று, 7454-இல் 5.6 ஆங்ஸ்ட்ராம் என்பது இரு பக்கங்களுக்கும் இடையே வினாடிக்கு சுமார் 225 கிலோமீட்டர் வேக வித்தியாசம். -15.4 பொலிவெண் உள்ள குள்ளக் கேலக்ஸியால் அந்த வேகத்தில் சுழல முடியாது.

இரவுவானம்

ஒரே வரிசைகளில்தான் இருக்கின்றன, இரண்டும் ஒரே பக்கம் லேசாகச் சாய்ந்திருக்கின்றன. ஏ-பட்டையை மறைத்து ஓட்டியதும் நிரலும் 1.000 என்று மாறிவிட்டது. இருவருக்கும் மிக்க நன்றி. ஒரு கேள்வி மிச்சம்: ஃபோட்டோமெட்ரிக் மதிப்பு 0.95 என்று சரியான பக்கம்தானே காட்டியது, இனி ஒற்றைக் கோடு வரும்போதெல்லாம் அதையே நடுவராக வைத்துக்கொள்ளலாமா?

ஆறாம்மீன்

துணைக்கு வைத்துக்கொள்ளுங்கள், தீர்ப்பை அதன் கையில் கொடுக்காதீர்கள். சீயர்ஸ்-93316 என்ற கேலக்ஸிக்கு ஜேம்ஸ் வெப் படங்களின் நிறங்களை வைத்து 16.4 என்றார்கள். 2023-இல் நிறமாலை வந்தபோது 4.9 என்று தெரிந்தது. பலமான ஓ-த்ரீ, ஹெச்-ஆல்ஃபா கோடுகள் வடிகட்டிகளுக்குள் விழுந்து, தூசியால் ஏற்கெனவே சிவந்திருந்த கேலக்ஸியை வெகு தொலைவில் இருப்பதுபோல் காட்டிவிட்டன. ஒரே கோடு, இரட்டையும் பிரியவில்லை என்றால் அதற்குத் தனிக் குறி போடுங்கள். விவிடிஎஸ் என்ற இன்னொரு கேலக்ஸி ஆய்வில் அப்படிப்பட்டவற்றுக்கு 9 என்று தனியாகவே குறியெண் வைத்திருந்தார்கள். ஒளிர்வுக் கணக்கை அவற்றோடு ஒரு முறை, அவை இல்லாமல் ஒரு முறை போடுங்கள்.

இரவுவானம்

சரி, மீதிப் பட்டியலில் உள்ள ஒற்றைக் கோடு ஆசாமிகளை எல்லாம் இன்றிரவே மென்மையாக்காமல் திறக்கிறேன். பிரியாதவற்றுக்கு 9.