முடிவு தெரிந்த கதையை விளையாட்டாக்குவது எப்படி?

கேள்வி: நல்லூரான்
காத்தவராயன் கூத்தின் கதையைக் கைத்தொலைபேசியில் ஆடக்கூடிய சிறு விளையாட்டாக நண்பர்களுடன் வடிவமைத்து வருகிறேன். காத்தான் ஆரியமாலையை விரும்புவதும் கடைசியில் கழுமரம் ஏறுவதும் யாழ்ப்பாணத்தில் அநேகமாக எல்லோரும் அறிந்தவை. ஆகவே, அடுத்து என்ன நடக்க வேண்டும் என்ற தெரிவை ஆடுபவரிடம் விட்டால் கதை சிதைகிறது. விடாவிட்டால் அவருக்குச் செய்வதற்கு எதுவுமில்லை. கூத்தும் நாடகமும் அறிந்தவர்கள் வழி சொல்வீர்களா?

பதில்: பாசையூர்க்காரன்
தம்பி, முடிவு தெரிந்திருப்பதை ஏன் குறையாக எடுக்கிறீர்கள்? நடிகமணி வி. வி. வைரமுத்துவின் ‘மயான காண்டம்’ நாடகத்துக்குப் போனவர்கள் அரிச்சந்திரனின் கதி என்னவென்று அறியப் போகவில்லை. சுடலையில் சொந்த மனைவியிடமே அவன் கூலி கேட்கும் இடத்தை அவர் எப்படிப் பாடுவார் என்று கேட்கவே, முன்பு பார்த்தவர்களும் திரும்பப் போனார்கள். என்ன நடக்கிறது என்பதில் தெரிவை வைக்காமல், எப்படி ஆடுவது என்பதில் வையுங்கள். கூத்து மரபுகளில் ஒன்றான வடமோடியில் பாத்திரம் களரிக்கு (ஆடும் மேடைக்கு) வரும்போது, வருபவர் எப்படிப்பட்டவர் என்பதை வரவு ஆட்டமே காட்டிவிடும். உங்கள் விளையாட்டிலும் ஆடுபவரின் அடி தாளத்தில் விழுந்தால் பிற்பாட்டுக்காரர் பாட்டை எடுக்கட்டும். பிசகினால் மத்தளம் மறுபடி அழைக்கட்டும்.

பதில்: அண்ணாவியார் பேரன்
பாசையூர் அண்ணாவின் அடிப்படைக் கருத்து சரி, ஆனால் வடமோடி உதாரணம் இந்தக் கதைக்குப் பொருந்தாது. காத்தான் கூத்து, சிந்துப் பாடல்களோடு மெல்லிய நடையில் ஆடும் சிந்துநடைக் கூத்து. வடமோடியின் கடுமையான ஆட்டத்தை அதற்குள் புகுத்தினால் ஊரில் எவரும் அதைக் காத்தான் என்று ஏற்க மாட்டார்கள். பார்ப்பவர்களே வாய்க்குள் பாடுமளவுக்குப் பழகிய மெட்டுகள்தான் அதன் பலம் என்பதால், விளையாட்டும் பாட்டின் வழியே நகர வேண்டும். இன்னொன்று, காத்தான் பாத்திரத்தைப் பருவத்துக்கு ஒருவராகப் பலர் ஏற்று ஆடுவது வழக்கம். கட்டத்துக்கு ஒரு காத்தானாக ஆடுபவரை மாற்றிக்கொள்ள மரபே இடம் தருகிறது. (இத்தனை வசதி எந்த நிரலாளருக்குக் கிடைக்கும்?)

பதில்: நிரலாளன்
2014இல் வெளியான ‘நெவர் அலோன்’ என்ற விளையாட்டைப் பாருங்கள். அலாஸ்காவின் இனுபியாக் மக்களின் பழங்கதையொன்றை அச்சமூகத்தின் மூத்தோருடன் சேர்ந்தே உருவாக்கினார்கள். கதைசொல்லியின் குரல் அவர்களின் மொழியிலேயே ஒலிக்கிறது. ஆடிக்கொண்டு போகையில் அம்மூத்தோர் பேசும் சிறு காணொளிகளும் திறக்கின்றன. காத்தான் கூத்து அம்மன் கோயில்களில் நேர்த்திக்காகவும் (வேண்டுதலுக்காகவும்) ஆடப்படுவது. ஆகவே பாட்டுகளைப் பதிவுசெய்வதற்கு முன் ஆடுகிறவர்களிடம் சம்மதம் பெறுவது முறை. ஊருக்கு ஊர் பாட்டும் கதைப்போக்கும் வேறுபடும். நீங்கள் எந்த ஊர் அண்ணாவியாரின் (கூத்துப் பழக்கும் ஆசானின்) ஏட்டை வைத்து எழுதுகிறீர்கள்?