டார்க்த்ரோன் 1992: முதல் தடவை கேட்டப்போ உங்களுக்கு என்ன ஆச்சு?

ஒத்தக்காது
காலேஜ் ரெண்டாவது வருஷம். ஹாஸ்டல் சீனியர் ஒருத்தர் டார்க்த்ரோன்ங்கிற நார்வே மெட்டல் பேண்டோட 1992 ஆல்பம் 'எ பிளேஸ் இன் தி நார்தர்ன் ஸ்கை'யை பென்டிரைவ்ல போட்டுக் கொடுத்தார். முதல் பாட்டே பத்தரை நிமிஷம். ஆரம்பத்துல யாரோ குகைக்குள்ள முணுமுணுக்கிற மாதிரி குரல், அப்புறம் குளவிக்கூட்டைக் கல்லால அடிச்ச மாதிரி ஒரு இரைச்சல். அது கிடார்னு பிடிபடவே ரெண்டு நிமிஷம் ஆச்சு. என் ஹெட்ஃபோன்ல ஏற்கெனவே ஒரு பக்கம் கரகரன்னுதான் இருக்கும். சரி, இன்னொரு பக்கமும் போச்சுன்னு மெஸ் பில்லுக்கு வச்சிருந்த காசுல புதுசு வாங்கினேன். மாட்டினா அதே இரைச்சல், இப்போ ரெண்டு காதுலயும் சுத்தமா!

கடுப்புல மூடி வச்சுட்டேன். மூணாவது நாள் குளிக்கும்போது அதே ஆல்பத்துல இருக்கிற 'இன் தி ஷேடோ ஆஃப் தி ஹார்ன்ஸ்' பாட்டோட ரிஃப், அதான் திரும்பத் திரும்ப வர்ற கிடார் மெட்டு, தானா வாயில வருது. உங்க கதை என்ன?

கேசட் காலத்து ஆள்
தம்பி, உனக்கு மட்டுமில்ல, வெளியிட்ட பீஸ்வில் கம்பெனிக்கே அந்த சவுண்டைக் கேட்டு வயித்தைக் கலக்குச்சு. பேண்டுக்குச் சுத்தமா பதிவு பண்ணத் தெரியாம இல்ல. 1991 ஆரம்பத்துல வந்த முதல் ஆல்பம் ஸ்டாக்ஹோம் சன்லைட் ஸ்டுடியோல பண்ணது, அச்சு அசல் டெத் மெட்டல், அதான் கனமான கிடாரும் உறுமுற குரலுமா வர்ற வகை. அதே வருஷம் ஆகஸ்ட்ல, வேணும்னே கரடுமுரடா இரைச்சலா விடுற பிளாக் மெட்டல் பக்கம் திரும்பி, ஒஸ்லோ பக்கத்துல இருக்கிற சொந்த ஊர் கோல்போட்ன்ல உட்கார்ந்து இந்த ஆல்பத்தைப் பதிவு பண்றாங்க. பேஸ் கிடார் வாசிச்ச டாக் நீல்சனுக்கு இந்தப் போக்கே பிடிக்கல. ஆனாலும் தன் பங்கை வாசிச்சுக் கொடுத்துட்டுத்தான் பேண்டை விட்டுக் கிளம்பினார்.

நல்லாக் கேட்டா ஆல்பத்துல பாதி ரிஃப் இன்னும் டெத் மெட்டல்தான். பழைய சட்டையை முழுசாக் கழட்டுறதுக்குள்ள போட்டோ எடுத்த மாதிரி இருக்கும். பின்னாடி வந்த இவங்க ஆல்பம் 'டிரான்சில்வேனியன் ஹங்கர்'தான் சுத்த பிளாக் மெட்டல்னு கொண்டாடுவாங்க, எனக்கு இந்தக் கலப்படம்தான் உசுரு.

மழைக்கால மாடி
எனக்கு இறங்கல, அடிக்க வராதீங்க. டிரம்ஸ் பரண் மேலேர்ந்து கேக்குது. அட்டைப்படம் மட்டும் ஒரு வாரம் தூக்கத்தைக் கெடுத்துச்சு. அந்த வெள்ளைப்பூச்சு மூஞ்சிதான் பாடுதுன்னு ரொம்ப நாள் நினைச்சேன். பார்த்தா அது கிடாரிஸ்ட் ஸெஃபிரஸாம்.

வடதிசை
நான் ஒஸ்லோவில இருக்கிறன். ஒவ்வொரு நாளும் வேலைக்குப் போறது கோல்போட்ன் தாண்டித்தான். டிசம்பரில பின்னேரம் மூண்டேகாலுக்கே இருட்டிப்போடும். அந்த நேரம் பாத்து உந்த ஆல்பத்தைப் போட்டுக்கொண்டு ஒருநாள் ஸ்டேஷனில இறங்கினன். சும்மா சொல்லக்கூடாது, பயப்பிடத்தான் போனனான். அங்க பாத்தால் பிள்ளையை ஸ்லெட்ஜில இருத்தி இழுத்துக்கொண்டு போற தாய்மார், ஒரு சுப்பர்மார்க்கெட். பேயுமில்லை பிசாசுமில்லை.

டிரம்ஸ் அடிச்ச ஃபென்ரிஸ் தபால் துறையில வேலை செய்த ஆள் எல்லோ. ஊர்க் கவுன்சிலுக்கு மாற்று உறுப்பினராக்கூட வந்தவர். பூனையோட படம் எடுத்துப்போட்டு, தனக்கு வோட்டுப் போடவேண்டாம் எண்டு கேட்டிருக்கிறார். சனம் போட்டுவிட்டது!

திரும்பி வரேக்க பனி வாரிற வண்டி ஒண்டு ரோட்டைச் சுரண்டிக்கொண்டு பக்கத்தால போச்சுது. எது கிடார், எது வண்டி எண்டு கொஞ்சநேரம் பிரிக்கேலாமல் போச்சு. அண்டைக்குத்தான் எனக்கு உந்தச் சத்தம் விளங்கினது.

நாலு டிராக்
நாங்க ஒரு படி மேல போனோம். இரைச்சல்தானே, நமக்கு வராதான்னு மூணு பேர் சேர்ந்து மொட்டைமாடி ரூம்ல இறங்கினோம். கிடார் ஆம்ப்ல கீச்சுச் சத்தத்துக்கான ட்ரெபிளை முழுசா ஏத்தி, அடிச்சத்தத்துக்கான பேஸை அடியோட இறக்கி, மைக்கைக் கதவுக்கு வெளியே வச்சோம். மோசமாத்தான் வந்துச்சு, ஆனா இது வேற மோசம். அந்த ஆல்பத்துல எவ்வளவு அழுக்கு இருந்தாலும் அடியில ரிஃப் நிமிர்ந்து நிக்கும், வேகம் மாறுற இடத்துல டிரம்ஸ் இழுத்துப் பிடிச்சுக் கொண்டுபோகும். எங்ககிட்ட அழுக்கு மட்டும்தான் இருந்துச்சு.

நாலாவது டேக்ல கீழ்வீட்டு அக்கா படியேறி வந்து, "தம்பி, மோட்டார்ல தண்ணி ஏறல போல, வெறும் காத்துதான் வருது, அணைச்சிடுப்பா"ன்னாங்க. சரிக்கான்னு சொல்லி ஆம்ப்பை ஆஃப் பண்ணிட்டேன்.