தண்ணீர்ப் போத்தல் நிரம்பியபடியே திரும்பி வருகிறது

விசுவமடு அம்மா:
எனக்கு மூன்று பிள்ளைகள். நடுவிலானுக்குப் பதினொரு வயது, தரம் 6. குறைமாதத்தில் பிறந்தவன், பெருமூளை வாதம். வலது காலில் காலிப்பர் (காலைத் தாங்கும் கருவி) போட்டு நடக்கிறான். கணக்கு என்றால் அவனுக்கு உயிர்.

இந்த வருடம் பெரிய பள்ளிக்கூடத்துக்கு மாறினான். இரண்டு மாதமாக, நான் காலையில் நிரப்பிக் கொடுக்கும் தண்ணீர்ப் போத்தல் அப்படியே திரும்பி வருகிறது. இந்த வெயிலுக்குள் ஏன் குடிக்கவில்லை என்று கேட்டுக் கேட்டு, போன கிழமைதான் வாய் திறந்தான். மலசலகூடம் மைதானத்துக்கு அந்தப் பக்கம். இவன் நடந்தால் நாலைந்து பெடியள் பின்னாலேயே காலை இழுத்து இழுத்து வருவார்களாம். ஒருநாள் வெளியே கதவைப் பிடித்துக்கொண்டு நின்றிருக்கிறார்கள். தண்ணீர் குடிக்காவிட்டால் அங்கே போகத் தேவையில்லைதானே, அதுதான்.

வகுப்பாசிரியரிடம் சொன்னேன். "பெடியள் பகிடிக்குச் செய்யிறாங்கள், இவன்தான் பழக வேணும்" என்றார்.

மூத்தவள் அங்கேதான் தரம் 9. ஒருத்தனுக்கு அறைந்துவிட்டாள், பிழை அவள் மேல் வந்தது. இப்போது அவளும் போகமாட்டேன் என்கிறாள். இவர் வயலால் வந்தால் முற்றத்தில் பேசாமல் இருக்கிறார். மாமி முன்வினை என்கிறா. எனக்கு நித்திரையே இல்லை.

எங்கள் ஒழுங்கையில் மட்டும் போரில் கால் போனவர்கள் மூன்று பேர். அந்தப் பெடியளில் ஒருவனின் பெரியப்பாவும் பொய்க்கால்தான் போட்டிருக்கிறார். அதை நினைத்தால்தான் தாங்க முடியவில்லை. பள்ளிக்கூடத்தை நிறுத்துவோமா என்கிறார் இவர்.

ஓய்வுபெற்ற ரீச்சர்:
நிறுத்த வேண்டாம் தங்கச்சி. மூத்திரம் போகும்போது எரிகிறதா என்று முதலில் கேளுங்கள். எரிந்தால் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோங்கள்.

அடுத்தது, அதிபருக்குக் கடிதம். பகிடி என்ற சொல்லையே எழுதாதீர்கள். எந்தத் திகதி, யார் கதவைப் பிடித்தார்கள் என்று எழுதுங்கள். பிரதியில் ஒப்பம் வாங்கி வையுங்கள். மலசலகூடத்துக்கு இடைவேளை மணிக்கு முன்னமே ஒரு சிநேகிதனோடு அனுப்பச் சொல்லிக் கேளுங்கள், நான் என் வகுப்பில் அப்படித்தான் செய்தேன். ஒரு கிழமையில் அசைவில்லை என்றால் வலயக் கல்விப் பணிமனை, பிரதேச செயலகத்தில் சிறுவர் உரிமை மேம்பாட்டு உத்தியோகத்தர். தேசிய சிறுவர் பாதுகாப்பு அதிகார சபையின் 1929 இலக்கத்துக்கு எந்த நேரமும் எடுக்கலாம். வேறு பள்ளிக்கூடம் பாருங்கள் என்று யாராவது சொன்னால், உடற்குறை உள்ளவர்களின் உரிமைகளைப் பாதுகாக்கும் 1996ஆம் ஆண்டின் 28ஆம் இலக்கச் சட்டத்தைச் சொல்லுங்கள். உடற்குறையைக் காட்டி அனுமதியில் பாகுபாடு செய்ய முடியாது.

ஒட்டுசுட்டான்:
அக்கா, அந்தப் பெரியப்பாவிடம் போனீர்களா? எனக்கு 2009இல் முழங்காலுக்குக் கீழே போனது. என் மருமகன் இப்படிச் செய்கிறான் என்று யாராவது என்னிடம் வந்து சொன்னால், அன்றைக்கே அவனைக் கூட்டிக்கொண்டு உங்கள் வீட்டு வாசலில் நிற்பேன். பெரும்பாலும் அவருக்கு இது தெரிந்திருக்காது. மகளையும் ஏசாதீர்கள். தம்பிக்காக நின்றவள் அவள் ஒருத்திதான்.

விசுவமடு அம்மா:
மகளைக் கூப்பிட்டு உங்கள் பதிலை வாசிக்கக் கொடுத்தேன் தம்பி. அழுதுவிட்டாள். கடிதத்தை அவளே எழுதுகிறாள், திகதியெல்லாம் அவளுக்கு நினைவிருக்கிறது. பெரியப்பா வீட்டுக்கு இன்று பின்னேரம் இவரும் வருகிறேன் என்கிறார்.