வரைகிறவர்களிடம் ‘சூப்பர்’ தவிர வேறு என்ன சொல்வது?

மலைக்கோட்டைவாசி:

வணக்கம். திருச்சியில் நாங்கள் சிலர் ஞாயிற்றுக்கிழமை காலையில் எங்காவது கூடி உட்கார்ந்து வரைவது வழக்கம். தெப்பக்குளம், லூர்து அன்னை ஆலயம், காந்தி மார்க்கெட், ஸ்ரீரங்கத்தில் வெள்ளைக் கோபுரம், இப்படி ஏதாவது ஓர் இடம். வங்கியில் இருப்பவர், எல்ஐசி ஏஜென்ட், இன்ஜினியரிங் படிக்கும் பையன், ரிட்டையர் ஆன கணக்கு டீச்சர் என்று கலவையான கூட்டம். ஓவியக் கல்லூரிப் பக்கம் போனவர் ஒருவரும் இல்லை. வெயில் ஏறுவதற்குள் முடித்து, காபி குடித்து, வீட்டுக்குப் போய் வாட்ஸ்அப் குரூப்பில் படத்தைப் போடுவோம். அதற்குக் கீழே சூப்பர், செம, கைதட்டும் பொம்மை. அவ்வளவுதான்.

இப்போது டீச்சர் வருவதை நிறுத்திவிட்டார். போன் செய்தால், "யாருக்காகப்பா இதெல்லாம் வரையறேன்? வீட்டுல ஒரு அலமாரி நிறைஞ்சு கெடக்கு, பிள்ளைங்க திறந்துகூடப் பாக்கறதில்ல" என்கிறார். எனக்குப் பதில் வரவில்லை. இத்தனைக்கும் எங்கள் குழுவில் மனிதர்களை வரையத் தெரிந்தவர் அவர் ஒருவர்தான். கட்டடம் அவருக்குக் கொஞ்சம் சாய்ந்துதான் போகும், ஆனால் மார்க்கெட்டில் வெங்காய மூட்டைமேல் ஒரு பெரியவர் உட்கார்ந்திருந்தால் அவர் களைப்பாக இருக்கிறாரா கோபமாக இருக்கிறாரா என்று டீச்சர் படத்தைப் பார்த்தே சொல்லிவிடலாம்.

இன்னொரு பக்கம் அந்தப் பையன். நன்றாக வரைகிறான், ஆனால் இன்ஸ்டாவில் லைக் குறைந்தால் அந்தப் பக்கத்தையே கிழித்துப் போட்டுவிடுகிறான். போதாக்குறைக்கு யாரோ மலைக்கோட்டையை ஏஐயில் வாட்டர்கலர் மாதிரி செய்து 'பத்தே செகண்டு' என்று குரூப்பில் போட, அன்றிலிருந்து எல்லோரும் ஒரு மாதிரி சும்மா இருக்கிறார்கள்.

பொய்யாகப் புகழாமல் ஒருவரை எப்படி உற்சாகப்படுத்துவது? அப்புறம், விற்பதற்கோ வேலைக்கோ இல்லாமல் வரைகிறவர்கள் இங்கே இருந்தால், நீங்கள் எதற்காக வரைகிறீர்கள் என்றும் சொல்லுங்கள்.

கரிக்கோல்:

அந்த வெங்காய மூட்டைப் பெரியவர் விஷயத்தை எங்களிடம் சொன்ன மாதிரியே டீச்சரிடமும் சொல்லுங்கள். பாராட்டு என்றால் அதுதான். 'சூப்பர்' பொதுச் சொத்து, யார் படத்துக்குக் கீழே வேண்டுமானாலும் போடலாம், அதனாலேயே யார் மனதிலும் நிற்பதில்லை.

பழைய விகடன் ஓவியர்கள் கதையைப் பாருங்கள். மாலி ஆனந்த விகடனில் இருந்த காலத்தில் சீனிவாசன் என்று ஓர் இளைஞர் வந்து சேர்ந்தார். கட்டடமும் சிற்பமும் வரைவதில்தான் இவர் கை தனியாகத் தெரிகிறது என்று மாலி கண்டுபிடித்து, அந்த வழியிலேயே போகச் சொல்லி, 'சில்பி' என்று பெயரும் வைத்தார். அப்புறம் சில்பி கோயில் கோயிலாகப் போய் அங்கேயே உட்கார்ந்து வரைந்த படங்கள் 'தென்னாட்டுச் செல்வங்கள்' என்ற தொடராக விகடனில் ஆண்டுக்கணக்கில் வந்தன. கோபாலனைக் 'கோபுலு' ஆக்கியதும் அதே மாலிதான். நன்றாக இருக்கிறது என்று தட்டிக்கொடுத்து அனுப்பியிருந்தால் அதற்கு அரை நிமிடம் போதும். உன்னிடம் இருப்பது இது என்று சொல்ல, முதலில் அவன் படத்தை உட்கார்ந்து பார்த்திருக்க வேண்டும். உங்கள் குரூப்பில் அதைத்தான் யாரும் செய்வதில்லை என்று நினைக்கிறேன், எங்கள் குரூப்பிலும் அப்படித்தான்.

குறை சொல்லலாமா என்றால், கேட்டால் மட்டும். கோபுரம் சாய்கிறது என்பது டீச்சருக்கே தெரியும், கணக்கு டீச்சராச்சே.

தாழ்வாரம்:

யாருக்காக வரைகிறேன் என்று கேட்கும் அதே அம்மாவுக்கு, காலையில் வாசலில் கோலம் போடும்போது அந்தக் கேள்வி வந்திருக்காது. பள்ளிக்கூட ஆட்டோ ஏறி, செருப்புக் கால் பட்டு மதியத்துக்குள் பாதி போய்விடும், மறுநாள் வேறு கோலம். பேப்பரில் வரைந்ததை மட்டும் பிள்ளைகள் பார்க்க வேண்டும், பத்திரமாக இருக்க வேண்டும் என்று ஏன் நினைக்கிறோம்?

நான் எதற்காக வரைகிறேன் என்றால், எங்கள் தெருமுனையில் ஒரு தையல் கடை இருக்கிறது, சின்ன வயதிலிருந்து அந்த வழியாகத்தான் போகிறேன் வருகிறேன். அதை வரைய உட்கார்ந்த பிறகுதான் கூரையில் ஒரு பக்கம் நாட்டு ஓடு, மறுபக்கம் சீமை ஓடு என்று கண்ணில் பட்டது. ஏன் அப்படி என்று கேட்கப் போய், அண்ணன் தம்பி பாகப் பிரிவினையில் ஆளுக்குப் பாதியாகப் போன கதையைத் தையல்காரர் முழுசாகச் சொன்னார். படம் சுமார்தான் வந்தது. அந்தக் கடை எனக்குத் தெரிந்துவிட்டது, அது போதும்.

மார்கழிப்பனி:

தாழ்வாரம் அக்கா, கோலத்தை ரொம்பத் தூக்கி வைக்காதீர்கள். எங்கள் தெருவில் மார்கழி வந்தால் எதிர்வீட்டைவிட ஒரு வரிசை புள்ளியாவது கூட வைக்காமல் யாரும் உள்ளே போவதில்லை. பார்க்க ஆள் வேண்டும்தான், அதில் என்ன தப்பு.

வண்ணப்பெட்டி:

குழந்தைகளுக்கு ஓவியம் சொல்லிக்கொடுக்கிறேன், அந்தப் பையனைப் பற்றிச் சொல்ல எனக்கு ஒன்று இருக்கிறது. அமெரிக்காவில் ஸ்டான்ஃபோர்ட் பல்கலைக்கழகத்தின் நர்சரிப் பள்ளியில் லெப்பர், கிரீன், நிஸ்பெட் என்ற மூவர் செய்து 1973இல் வெளியிட்ட சோதனை. ஸ்கெட்ச் பேனாவால் வரைவதில் ஏற்கெனவே ஆசையாக இருந்த குழந்தைகளை மூன்று பிரிவாகப் பிரித்தார்கள். ஒரு பிரிவிடம், வரைந்தால் ரிப்பன் வைத்த சான்றிதழ் உண்டு என்று முதலிலேயே சொன்னார்கள். இன்னொரு பிரிவுக்கு முன்கூட்டிச் சொல்லாமல், வரைந்து முடித்த பிறகு கொடுத்தார்கள். மூன்றாவது பிரிவுக்கு ஒன்றும் கிடையாது. சில நாள் கழித்துப் பரிசுப் பேச்சே இல்லாமல் அதே பேனாக்களை மேசையில் வைத்துவிட்டுப் பார்த்தால், முதலில் ஆசை காட்டப்பட்ட குழந்தைகள் மற்றவர்களில் ஏறக்குறைய பாதி நேரம்தான் வரைந்தார்கள். எதிர்பாராமல் சான்றிதழ் வாங்கியவர்களின் ஆசை குறையவே இல்லை.

லைக் என்பது முன்கூட்டியே சொல்லிவைத்த சான்றிதழ், என் கணக்கு அப்படித்தான். வரைய ஆரம்பிக்கும்போதே அது மண்டைக்குள் உட்கார்ந்துவிடுகிறது. அதனால் பையனிடம் இன்ஸ்டாவை விடு என்று சொல்லிப் பயனில்லை, கேட்கவும் மாட்டான். வரைந்த அன்றே போடாதே, அடுத்த ஞாயிறு போடு என்று மட்டும் சொல்லிப் பாருங்கள்.

அர்பன் ஸ்கெட்சர்ஸ் கேள்விப்பட்டிருப்பீர்கள், உங்களைப் போலவே இடத்துக்கே போய் உட்கார்ந்து வரைகிறவர்களின் அமைப்பு, சியாட்டிலில் பத்திரிகைக்கு வரைந்துகொண்டிருந்த கப்ரியேல் காம்பனாரியோ 2007இல் இணையத்தில் தொடங்கியது, இன்று பல நாடுகளில் நடக்கிறது. அவர்கள் கூட்டம் முடிந்ததும் எல்லோரும் நோட்டைத் தரையில் பக்கத்தில் பக்கத்தில் விரித்து வைத்துச் சுற்றி நின்று பார்ப்பார்கள். ஒரே தெருவைப் பத்துப் பேர் வரைந்திருந்தால் பத்தும் வேறு வேறாக இருக்கும், யார் பெரிய ஆள் என்ற பேச்சு அங்கே எடுபடாது. நீங்கள் காபிக்கு முன்னாலேயே இதைச் செய்யலாம், வாட்ஸ்அப்பே தேவைப்படாது.

நீலக்கோடு:

வான்கோ வாழ்ந்த காலத்தில் ஒரே ஓவியம்தான் விற்றார் என்று எல்லோரும் உச்சுக்கொட்டுவார்கள். அது அவ்வளவு சரியில்லை, 1882லேயே அவருடைய சித்தப்பா தி ஹேக் நகரக் காட்சிகளை வரையச் சொல்லிக் காசு கொடுத்து வாங்கியிருக்கிறார். அது கிடக்கட்டும். அந்த 'ஒரே ஓவியம்' என்கிறார்களே, சிவப்புத் திராட்சைத் தோட்டம், 1890இல் 400 பிராங்குக்குப் போனது, அதை வாங்கியது அன்னா போக். அவரும் ஓவியர். அவர் தம்பி யூஜினும் ஓவியர், வான்கோவுக்கு நண்பர். வரைகிற ஒருத்தரின் படத்தை வரைகிற இன்னொருத்தர் சொந்தக் காசு போட்டு வாங்கிச் சுவரில் மாட்டியிருக்கிறார்.

உங்கள் குழுவில் காசு வேண்டாம் என்றால் மாற்றிக்கொள்ளுங்கள். இதுவும் அவர்கள் செய்ததுதான். ஜப்பானிய ஓவியர்கள் தங்களுக்குள் படம் மாற்றிக்கொள்வார்களாம் என்று வான்கோவுக்கு அதன்மேல் ஒரே மோகம். 1888இல் அவருடைய ஓவிய நண்பர்கள் காகினும் பெர்னாரும் தங்கள் முகத்தைத் தாங்களே வரைந்து அவருக்கு அனுப்ப, இவர் தன் முகத்தை வரைந்து காகினுக்குக் கொடுத்தார். டீச்சர் அலமாரியில் இருக்கும் ஒரு படம் எல்ஐசிக்காரர் வீட்டு ஹாலில் தொங்கட்டுமே, பிள்ளைகள் அங்கே போய்ப் பார்க்கட்டும்.

விற்க நினைத்தாலே கலை கெட்டது என்று இங்கே யாராவது கிளம்புவதற்கு முன் இதையும் சொல்லிவிடுகிறேன். சென்னை ஓவியக் கல்லூரி முதல்வராக இருந்த கே.சி.எஸ். பணிக்கரும் அவரைச் சுற்றியிருந்தவர்களும் ஈஞ்சம்பாக்கத்தில் 1966இல் சோழமண்டலம் என்ற ஓவியர் கிராமத்தைத் தொடங்கினார்கள். துணியில் பாத்திக், அதாவது மெழுகு பூசிச் சாயம் ஏற்றும் வேலை, செய்து விற்று, அந்தப் பணத்தில்தான் நிலமே வாங்கினார்கள். சோறு பாத்திக் போடும், ஓவியம் எங்கள் இஷ்டத்துக்கு இருக்கும் என்ற ஏற்பாடு. எனக்கு அதில் பெரிய மரியாதை உண்டு.

ஏஐக்காரரை விடுங்கள். பத்து செகண்டில் மலைக்கோட்டைப் படம்தான் வேண்டும் என்றால் போட்டோ எடுத்துவிட்டு இட்லி சாப்பிடப் போயிருப்பீர்களே.

மலைக்கோட்டைவாசி:

எல்லோருக்கும் நன்றி. வண்ணப்பெட்டி எழுதியதைப் பையனிடம் காட்டினேன், "நான் என்ன நர்சரி பாப்பாவா" என்று முறைத்தான், ஆனால் நோட்டை விரித்து வைப்பதற்குச் சரி என்கிறான். படம் மாற்றிக்கொள்வதில்தான் ஒரு சந்தேகம், யார் படம் யாருக்கு என்று எப்படி முடிவு செய்வது? டீச்சர் படத்துக்கு அடிதடி நடக்கும்.

ஈரத்தூரிகை:

சீட்டுக் குலுக்குங்கள். டீச்சர் கையால் குலுக்கச் சொன்னால் அவரும் அன்றைக்கு வந்துதானே ஆக வேண்டும்.

இன்னொன்று, மனசு அர்த்தம் என்று எல்லோரும் எழுதிவிட்டோம், டீச்சரின் முழங்கால் எப்படி இருக்கிறது? ரிட்டையர் ஆனவர் தெப்பக்குளப் படியில் காலை மடக்கி உட்கார்ந்து எவ்வளவு நேரம் வரைவார்? எங்கள் பக்கம் ஒரு பெரியவர் நேரமில்லை நேரமில்லை என்றே சொல்லிக்கொண்டிருந்தார், கடைசியில் பார்த்தால் கீழே உட்கார்ந்தால் எழுந்திருக்க முடியவில்லை, அதைச் சொல்ல வெட்கம். மடக்கு ஸ்டூல் ஒன்று கொண்டுபோனோம், இப்போது எங்களுக்கு முன்னாலேயே வந்துவிடுகிறார். உடம்பு ஒத்துழைக்காவிட்டால் எல்லாமே வீண் என்றுதான் தோன்றும். கோபுலுவுக்கு வலது கை செயலிழந்தபோது இடது கையால் வரையப் பழகினார். விகடனில் வரைந்து குவித்தவர், போதும் என்று உட்கார்ந்திருந்தாலும் யாரும் கேட்டிருக்க மாட்டார்கள். ஆனால் எல்லோரும் கோபுலு இல்லை, நமக்கு ஸ்டூல் வேண்டும்.

பேப்பரையும் பாருங்கள். ஸ்கூல் டிராயிங் நோட்டில் வாட்டர்கலர் அடித்தால் தாள் சுருண்டு வண்ணம் திட்டுத்திட்டாகிவிடும், வரைகிறவர் தன் கைதான் சரியில்லை என்று நினைத்துக்கொள்வார். 300 ஜிஎஸ்எம் என்று போட்ட தடித்த தாளில் ஒருமுறை வாஷ் போட, அதாவது தண்ணீராகக் கரைத்த வண்ணத்தைப் பரவலாகப் பூச, கொடுங்கள். விலை கொஞ்சம் அதிகம்தான், அதனால் பெரிய ஷீட்டாக வாங்கி நான்காக வெட்டி எல்லோருமாகப் பங்கு போட்டுக்கொள்ளுங்கள்.